நெய்னார் காப்பாற்றிய அட்மிரல்

"காக்கா, அட்மிரல் வாறாராம்!"

ரிஃப்கா வாசலில் நின்று கத்தியபோது, பள்ளிவாசல்துறை மீனவர் சங்கத் தலைவர் நெய்னார் வாய்க்குக் கொண்டுபோன பாண் ரொட்டியைத் தட்டிலேயே போட்டார்.

"எந்த அட்மிரல்?"

"உங்கட கூட்டாளிதான். றியர் அட்மிரல் மெதவத்த. நம்மட புது ஐஸ் அறையத் திறந்து வெக்க வாறீங்களா எண்டு நான்தான் கோல் எடுத்துக் கேட்டன். உங்கட பேரச் சொன்ன உடனே, எந்த நெய்னார் எண்டு ரெண்டு தரம் கேட்டார். பொறகு, கட்டாயம் வாறன் எண்டார்."

ரிஃப்கா சங்கத்தின் செயலாளர்; நெய்னாரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவாள். சொன்ன வேலையோடு சொல்லாத வேலையையும் சேர்த்துச் செய்து முடிக்கும் கெட்டிக்காரி.

"மாஷா அல்லாஹ்!" என்றார் நெய்னார். வாய்தான் அப்படிச் சொன்னது. மனமோ தப்பிக்க வழி தேடியது.

விஷயம் இதுதான். முப்பது வருடத்துக்கு முந்தி ஒருநாள், கற்பிட்டிக்கு அப்பால் நெய்னாரின் படகில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனது. கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் ரோந்து வந்த மெதவத்த என்ற இளம் அதிகாரி, கயிறு போட்டு நெய்னாரை இழுத்து வந்தான். கரை தெரிகிற தூரத்தில் ஒரு கலன் மண்ணெண்ணெயும் பிஸ்கட்டும் கொடுத்து, "இனி எண்ணெயப் பாத்துட்டு வாங்க" என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டுப் போய்விட்டான்.

தாமதம் ஏன் என்று கரையில் கேட்டவர்களுக்கு நெய்னார் நடந்ததைத்தான் சொன்னார். ஆளை மட்டும் மாற்றிச் சொன்னார். பாறையில் ஏறி நின்ற கடற்படைப் படகைத் தான் இழுத்துவிட்டதாகவும், அந்த அதிகாரிப் பையன் தன் கையைப் பிடித்து அழுததாகவும் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மெதவத்த அதோடு நிற்கவில்லை. லெப்டினன்ட் ஆனார், கொமாண்டர் ஆனார். அவர் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம், "நான் இல்லாட்டி இவர் மீனுக்கு இரை" என்று நெய்னார் கடைத்தெருவில் விரித்துக் காட்டினார். மெதவத்த கப்டன் ஆனபோது நெய்னார் சங்கத்தில் பொருளாளர் ஆனார். அவர் கொமடோர் ஆனபோது நெய்னார் ஊருக்கெல்லாம் வட்டிலப்ப இனிப்புக் கொடுத்தார். அவர் றியர் அட்மிரல் ஆன வருடம் இவர் தலைவர் ஆனார். ஒருவர் கடலில் ஏற, மற்றவர் கரையில் ஏறினார்.

இப்போது அடுத்த வெள்ளிக்கிழமை சங்கத் தேர்தல். எதிர்த்து நிற்பவர் நூர்தீன். அட்மிரல் வருகிற செய்தி கேட்டதும் அவர் பள்ளிவாசல் முன்னால் நின்றே சொன்னார்: "நல்லதாப் போச்சு. பாறக் கதைய அவர்ட வாயாலயே கேப்பம்."

நெய்னார் பயந்தார். உண்மையாகவே பயந்தார். ஆனால் பயத்தை முகத்தில் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்று மனைவி சுல்பாவிடம் சொன்னார். "அவர் சிங்களத்துல பேசுவார். நான்தான் மொழிபெயர்ப்பன். அவர் என்னத்தச் சொன்னாலும் தமிழ்ல நான் சொல்றதுதான் கதை."

சுல்பா சிரித்தாள். "புத்தளத்துல சிங்களம் தெரியாத ஆள் ஆரு? நம்மட சந்தைப் பூனைக்கும் வெளங்குமே!"

அதுவும் சரிதான். நெய்னார் ரிஃப்காவைக் கூப்பிட்டார். "அட்மிரல இங்கிலீஷ்ல பேசச் சொல்லு. மதிப்பா இருக்கும். நான் மொழிபெயர்க்கிறன்." நெய்னாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அது ஒரு குறையாக அவருக்குப் படவில்லை.

பின்னேரம் ரிஃப்கா துள்ளிக்கொண்டு வந்தாள். "இங்கிலீஷ் வேணாமாம் காக்கா. கனகாலம் திருகோணமலையில இருந்தவராம், நல்லாத் தமிழ் தெரியுமாம். தமிழ்லயே பேசுறாராம்! நோட்டீஸ்லயும் போட்டுட்டன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆனாலும் நெய்னார் அசரவில்லை. கடைசியாக ஒரு வழி இருந்தது. நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு சொல்லிவிட்டால் கூட்டம் கலையும், தொழுகை, பிறகு சாப்பாடு. அதுவரை வரவேற்புரையைத் தானே பேசிவிட்டால் அட்மிரலுக்கு வாய் திறக்க நேரம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை அட்மிரல் வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. சீருடை இல்லாவிட்டாலும் ஆள் அட்மிரல்தான் என்று தெரிந்தது. ரிப்பனை வெட்டினார். பொன்னாடை போர்த்தினார்கள். நெய்னார் மைக்கைப் பிடித்தார்.

கேட்க வேண்டுமே அந்தப் பேச்சை! பயிற்சிக் கழகத்தில் முதலாவதாக வந்தது, இந்தியாவுக்குப் படிக்கப் போனது, முதல் கப்பலுக்குத் தலைவனாகியது, கப்பல் கூட்டத்துக்கே தளபதியாகியது என்று ஒவ்வொரு படியாக ஏற்றினார். பெற்ற தாய்கூட அவ்வளவு விவரம் சொல்லியிருக்கமாட்டாள்.

"சின்ன வயசிலயே வீரப் பதக்கம் வாங்கினவர்!" என்று நெய்னார் முழங்கியபோது, அட்மிரல் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பாவம், வெயில் என்று ரிஃப்கா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள்.

பதவிகள் தீர்ந்தன. பாங்கு இன்னும் சொல்லவில்லை. பழகிய வாய் சும்மா இருக்குமா? முப்பது வருடமாக ஓடிய வழியிலேயே ஓடியது.

"இப்படிப்பட்ட வீரரைத்தான் அண்டைக்குப் பாறையில இருந்து நான் இழுத்து..."

சொல்லிய பிறகுதான் நெய்னாருக்கு உறைத்தது. ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே!

நூர்தீன் எழுந்துவிட்டார். "சேர், கோவிக்க வேணாம். இது உண்மையா?"

பந்தலில் எல்லோரும் அட்மிரலைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் சுல்பா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவர் பதவி போனால் போகட்டும், இனி இந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று நெய்னாருக்குக் கண் கலங்கியது.

அட்மிரல் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். நெய்னாரை ஒருகணம் உற்றுப் பார்த்தார்.

"இவர் சொன்னதெல்லாம் உண்மை" என்றார் அழகான தமிழில். "அண்டைக்குக் கடல்ல இந்த மனுசன் இல்லாட்டி, நான் இந்த நிலைக்கு வந்திருக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டு நெய்னாரை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். பந்தல் அதிர்ந்தது. முதலில் கைதட்டியது நூர்தீன். பாங்கும் அப்போதுதான் கேட்டது.

தொழுகை முடிந்து சஹன் சோற்றுத் தாம்பாளங்களைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்தார்கள். நூர்தீன் தானே கோழிக்காலை எடுத்து நெய்னார் பக்கம் வைத்தார். "இந்த முறையும் நீங்கதான் காக்கா. நான் விலகிக்கிறன்."

நெய்னாருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எவ்வளவு பெரிய மனம் அந்த மனுசனுக்கு! நெய்னாருடைய மானத்தைக் காப்பாற்றத் தன்னையே பாறையில் ஏற்றிக்கொண்டாரே! கையைக் கழுவிவிட்டு நன்றி சொல்லப் புறப்பட்டார்.

அட்மிரலின் சாரதி நிரோசன், சிலாபத்துப் பையன், வழியிலேயே அவரை மறித்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னான்:

"ஐயா, சேர் ஒரு விசயம் கேட்டுட்டு வரச் சொன்னார். அண்டைக்குக் கடல்ல புயலே அடிக்கேல்ல எண்டத நீங்க ஆருக்கும் சொல்லமாட்டீங்கதானே? புயல்ல மூழ்கின உங்களக் காப்பாத்தினதுக்குத்தான் அவருக்கு அந்த வீரப் பதக்கமே குடுத்தது."