பள்ளிக்கரணையில் நான் போட்ட இருபத்து நான்கு கட்டங்கள்

கிழக்குத் தாம்பரம்
18.4.93

அன்புள்ள கங்காதரன் அண்ணாவுக்கு,

தனம் எழுதுவது. உங்களுக்கும் அண்ணிக்கும் நமஸ்காரம். இங்கே இவரும் பிள்ளைகளும் நலம். நான் பாதி நலம். மீதியைக் கீழே எழுதுகிறேன்.

காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வயதில் உனக்கு எதற்கம்மா பிஎச்.டி. என்று பொங்கலுக்கு வந்தபோது கேட்டீர்கள். சதுப்பு நிலத்தில் எந்தப் பருவத்தில் என்னென்ன புல், என்னென்ன கோரை, எத்தனை என்று எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி. என் கைடு வேதாசலம் சார் சொன்னபடி பள்ளிக்கரணையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டராக இருபத்து நான்கு கட்டங்கள் அளந்து, மூலைக்கு மூலை சவுக்குக் கட்டை அடித்து, சிவப்புப் பெயின்டில் எண் எழுதினேன். செடிகளை மிதிக்கக் கூடாதே என்று நடுவில் அகலமாக வழியும் விட்டேன். பத்துக்குப் பத்து மீட்டர் என்பது அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

முதலில் கேட்டது அங்கே எருமை மேய்க்கும் எல்லம்மா. “இன்னாம்மா, பிளாட்டு போட்டுகினு கீறியா?” என்றாள். இல்லை, புல் எண்ணுகிறேன் என்றேன். “எண்ணி?” “எழுதி வைப்பேன்.” என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வூட்ல கேக்கறதுக்கு யாரும் இல்லியா உனக்கு?” என்றாள். ஆறு வருஷத்தில் என் ஆராய்ச்சியைப் பற்றி யாரும் இவ்வளவு கரிசனமாகக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்தான் முனிரத்தினம். மாசியில் தண்ணீர் வற்றியதும், என் கட்டங்களுக்கு முன்னால் ‘மனைகள் விற்பனைக்கு’ என்று ஒரு போர்டை நட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் வேனில் குடும்பம் குடும்பமாக அழைத்து வருகிறார். அவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வந்து என் நான்காம் கட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் என்னிடமே வந்து கிழக்குப் பார்த்த கார்னர் எது, தண்ணீர் எப்படி என்று கேட்டார், நானும் உண்மையைத்தானே சொல்ல வேண்டும், ஐப்பசியில் இடுப்பளவு நிற்கும் சார் என்றேன், அவர் மனைவியிடம் திரும்பி, “பாத்தியா, நம்மள விரட்டிட்டு எல்லாத்தையும் தானே வாங்கிக்கப் பாக்கறாங்க” என்று சொல்லி அன்றைக்கே ஒன்றை எடுத்துக்கொண்டார். வேறெங்கும் இல்லாத ஒரு கோரை பதினோராம் கட்டத்தில் மட்டும் இருந்தது. அங்கே பூமி பூஜை போட்டு, மண்வெட்டியால் சுத்தமாகச் செதுக்கி, எனக்கும் ஒரு தேங்காய் மூடி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது. போன வாரம் போனால் எண்களையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். எட்டு ராசியில்லையாம், ஏழுக்கு அடுத்து ஏழு-ஏ, அப்புறம் ஒன்பது, கட்டைகளையும் இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள். முனிரத்தினத்திடம் கத்தலாம் என்றுதான் போனேன். அவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்து, “மேடம், நீங்க பாட்டுக்கு எண்ணுங்க. நீங்க குனிஞ்சு நின்னாலே பார்ட்டிக்கு ஒரு நம்பிக்கை வருது” என்றார். வேதாசலம் சாரிடம் சொன்னால் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “மனுஷத் தொந்தரவையும் ஒரு அத்தியாயமா சேர்த்துக்கலாமே” என்கிறார். இவரோ, “இவ்வளவு பேர் வாங்கறான்னா அந்த இடத்துல ஏதோ இருக்கு தனம்” என்கிறார். இருக்கிறது அண்ணா, முப்பத்தொரு வகைப் புல் இருக்கிறது.

ஜூன் மாதத்துக்குள் கடைசிக் கோடைக் கணக்கை எடுத்தாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை பதிவை நீட்டித்துவிட்டார்கள், இனி கிடையாது. முடியாவிட்டால் ஆறு வருஷமும் வீண். சமையல், வகுப்பு, பரீட்சைத் தாள் எல்லாவற்றுக்கும் இடையில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். நீங்கள் ரெவின்யூவில் இருக்கிறீர்கள். ஒரே ஒரு ஞாயிறு ஜீப்பில் வந்து இறங்கி, இது ஏரிப் புறம்போக்கு, யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது என்று உரக்கச் சொன்னால் போதும். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அண்ணியின் முழங்கால் வலிக்கு எண்ணெய் அனுப்புகிறேன். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும். இந்த மாதம் ஆசியைவிட ஜீப் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
தனம்

பி.கு.: உறையை ஒட்டும்போது எதிர்வீட்டு டெலிபோனுக்கு அண்ணி கூப்பிட்டார்கள். “சர்ப்ரைஸா இருக்கட்டும்னு உங்க அண்ணா சொல்லக் கூடாதுன்னுட்டார், எனக்கு வாய் நிக்கலை. ரிட்டயர் ஆனதும் உன் பக்கத்துலேயே வந்துடறோம். பள்ளிக்கரணையில ரெண்டு பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. யாரோ காலேஜ் லேடியே கூட நின்னு அளந்ததாம், ஒரு அடி தப்பாதாம்!” என்றார்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம். எண்ணெய் அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அண்ணா, ஜீப் வேண்டாம். உங்களுடையது எந்தெந்த எண் என்று மட்டும் உடனே ஒரு கார்டு போடுங்கள். பூமி பூஜைக்கு முன்னால் அவற்றை எண்ணி முடித்துவிடுகிறேன்.