பில்லியர்ட் மேசையை எடுத்துப் போகும்படி மைத்துனனுக்கு

சேசு மரி சூசை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
12 பிப்ரவரி 1958, புதன்

கோலார் தங்கவயலில் உத்தியோகம் பார்க்கும் என் பிரிய மைத்துனன் ஆம்ப்ரோஸுக்கு ரெமிஜியஸ் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும், உன் அக்கா பவுலினும், மகள் மௌரீனும் சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது அப்படியே இரு.

நாற்பத்தேழில் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரக் கர்னல் ஏலம் விட்ட பில்லியர்ட் மேசையை நீ வாங்கி, "ஒரு வாரம் இருக்கட்டும் மாமா" என்று எங்கள் முன்னறையில் இறக்கினாய். அதன்மேல்தான் மௌரீன் எஸ்.எஸ்.எல்.சி. படித்தாள், உன் அக்கா வடகம் காயவைத்தாள், நான் படுக்கிறேன், கூரை ஒழுகினால் கீழே படுக்கிறேன். பந்து விழுகிற பைகளில் ஒன்றில் வெங்காயம், ஒன்றில் ஜெபமாலை, ஒன்றில் என் பல்செட்டு. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. குறை இனிமேல்தான் வருகிறது.

போன வாரம் லிங்கராஜபுரத்திலிருந்து மௌரீனைப் பெண் பார்க்க வந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். மாப்பிள்ளையின் அப்பா தியோடர் குள்ளமான மனிதர், அவருக்குப் பெண் கழுத்துக்கு மேல்தான் தெரிந்தாள். சுற்றிப்போக வழியில்லாததால் பலகாரத் தட்டை மேசைமேலேயே தள்ளினேன். அதிலிருந்த லட்டு ஒன்று உருண்டு உருண்டு போய் மூலைப் பையில் விழுந்தது. பையன் சில்வெஸ்டர் கைதட்டினான், அப்பா தட்டவில்லை. "நிச்சயதார்த்தத்துக்கு இருபது பேர் வருவோம், ஒக்கார எடம் இருந்தா நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற ஞாயிறு நாள் குறித்திருக்கிறது. அதை விட்டால் விபூதிப் புதன், பிறகு விசேஷம் எதுவும் வைக்காத தவக்காலம், பிறகு அவர்கள் வேறு பெண் பார்த்துவிடுவார்கள்.

இந்தக் கவலையில், பக்கத்து அவுட்ஹவுஸில் குடியிருக்கும் புரூனோ என்ற ஜெர்மன் எஞ்சினியரிடம் "வீட்டில் இடமே இல்லை சார்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் எதையும் பூர்வோத்தரத்தோடு சொல்கிற ஆள். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார், மேசைமேல்தான், வேறெங்கே. அவர்கள் பாஷையில் இடத்துக்கு 'ரௌம்' என்று பேராம். இங்கிலீஷ்காரனுடைய ரூமும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். ஆதியில் சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. காட்டில் மரத்தை வெட்டி, முள்ளைக் களைந்து, குடியிருக்கத் தோதாக ஆக்கிய வெளிக்குத்தான் அந்தப் பேராம். பிறகு வீட்டு அறைக்கும் அதுவே ஆயிற்று, போன வருஷம் ருஷ்யாக்காரன் உருண்டை விட்டானே, அந்த ஆகாச வெளிக்கும் அதுவே ஆயிற்று. "ஆகவே மிஸ்டர் ரெமிஜியஸ், இடம் தானாக இருப்பதில்லை, அப்புறப்படுத்தினால்தான் உண்டாகிறது" என்றார். உள்ளேயிருந்து உன் அக்கா, "அவ்ளோ பெரிய ஆகாசம் போதலையா அந்தாளுக்கு? எந்தம்பி மேசை மேலதான் கண்ணு" என்றாள்.

எனக்கோ வேகம் பிறந்துவிட்டது. பெஞ்சு, நாற்காலி, தகரப்பெட்டி எல்லாவற்றையும் வெராந்தாவுக்கு அப்புறப்படுத்தினேன். இப்போது முன்னறையில் மேசை மட்டும் இருக்கிறது, முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதில் கைவைக்கப் போனால் பவுலின், "ஆம்ப்ரோஸ் வர்ற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்" என்கிறாள். மௌரீன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஆம்ப்ரோஸ், சனிக்கிழமைக்குள் ஆட்களோடு வந்து உன் சொத்தை எடுத்துப் போ. ஞாயிற்றுக்கிழமைக்கு லட்டு கிடையாது, மைசூர்பாகு சொல்லியிருக்கிறேன், அது உருளாது.

உனக்கும் உன் மனைவி டோரீனுக்கும் சேசுவின் திரு இருதயம் எல்லா நன்மையும் தருவதாக. கோபமில்லாமல் எழுத முயன்ற,

உன் மாமா
ரெமிஜியஸ்

பி.கு. (வியாழன்): தபாலில் போடுமுன் காரியம் முடிந்துவிட்டது. இன்று காலை பவுலின் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் புரூனோ நாலு ஆட்களோடு வந்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த கற்பலகைகளைத் தனித்தனியாகச் சுமந்து, மேசையைத் தன் அறையில் கொண்டுபோய் மறுபடி பூட்டி நிறுத்திவிட்டார். படம் வரைய அருமையான பலகையாம். அவர் அறை சுவருக்குச் சுவர் நிரம்பிவிட்டது. ஆகையால் கட்டில், புஸ்தகப் பெட்டிகள், குளிக்கிற தொட்டி சகிதம் எங்கள் முன்னறைக்கு நடுவில் குடிவந்திருக்கிறார். ஒரு வாரம்தான் என்கிறார். பூசையிலிருந்து திரும்பிய பவுலின் அழுவாள் என்று பயந்தேன். அவள் அவருக்குக் காப்பி கொடுத்து, "எந்தம்பி மேசைக்கு எடம் குடுத்த மனுசன். ஆம்ப்ரோஸ் வர்ற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்" என்றாள். எனவே மேசையை எடுக்க வரவேண்டாம். ஜெர்மன்காரரை எடுக்க உடனே வா.