மாமனாரைக் கட்டிப்போட்ட படம்

பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வரும்போது மாப்பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான்: சும்மா இருப்பது. அது ஒன்றுதான் எனக்கு வரவில்லை.

அப்போது மட்டாஞ்சேரியில், காயலோரம் ஒரு மிளகுக் கிடங்கில் எனக்கு வேலை. சரக்கு வள்ளம் நெருங்கும்போது வள்ளக்காரர் கயிற்றை வீசுவார். படித்துறையில் நிற்கிறவன் பிடித்துத் தூணில் கட்டவேண்டும். நிற்கிறவன் நான். (பதவியின் பெயர் மேனேஜர். கல்யாணப் பேச்சில் அதை மட்டும்தான் சொன்னோம்.)

ஆலுவாவிலிருந்து துணி வியாபாரி காதர் ராவுத்தர் வந்தார். அவர் மகள் ஜைத்தூனை ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராவுத்தருக்கோ ஒரே நிபந்தனை: "பதறுற பையனுக்கு எம் மவளைத் தரமாட்டேன்."

என் தைரியத்தைக் காட்ட அவரைச் சினிமாவுக்கு அழைத்துப் போனேன். அசல் படத்துக்கு முன்னால் ஒரு துண்டுப்படம். காகிதக் கண்ணாடி, ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்குப் பச்சை. அதைப் போட்டால் உருவங்கள் திரையைவிட்டு நம்மிடமே வருமாம்.

"வெறும் வெளிச்சம்தான் மாமா. பயந்துடாதீங்க, நான் இருக்கேன்ல."

"நான் எதுக்குப் பயப்படணும்? நீ கண்ணாடியைத் தலைகீழா மாட்டியிருக்கே. முதல்ல அதைப் பாரு."

ஒரு பந்து பறந்து வந்தது. வீரனைப்போலச் சிரித்தேன். அடுத்து வந்தது ஒரு படகு. அதிலிருந்த வெள்ளைக்காரன் கயிற்றைச் சுழற்றி என் மூக்குக்கு நேராக வீசினான்.

மூளை கொட்டகையில் இருந்தது. கை படித்துறைக்குப் போய்விட்டது. துள்ளி எழுந்தேன். "பிடிச்சாச்சு! பிடிச்சாச்சு! மெல்ல, மெல்ல!" கையில் ஏதோ சிக்கியது. இழுத்து, நாற்காலிக் கையில் இரட்டை முடிச்சாகப் போட்டேன். படகு நிற்கவில்லை. "எடா, இடிக்கும்டா!" என்று அலறி, முன் நாற்காலியில் காலைக் கொடுத்து முட்டித் தள்ளினேன். அதிலிருந்தவர் சாயாக் கிளாஸோடு கவிழ்ந்தார்.

"இவனைப் பிடிச்சு வெளியே போடு சேட்டா!" என்று பின்னாலிருந்து யாரோ கொட்டகைக்காரரைக் கூப்பிட்டார்.

விளக்கு எரிந்தது. நான் கட்டியிருந்தது ராவுத்தரின் கழுத்துத் துண்டு. துண்டுக்குள் ராவுத்தரும் இருந்தார், கொட்டிலில் கட்டிய ஆடுபோல.

"தம்பி, அவுத்து விடு."

அவிழ்க்க முடியவில்லை. (எங்கள் முடிச்சு அப்படி.) சாய்ந்த கழுத்தோடு அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு."

கொட்டகைக்காரர் துண்டை வெட்டி விட்டபின், படகுத்துறைவரை அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே போனார். ஜைத்தூன் போயாச்சு, இனி சிலோனுக்குப் போய்விடலாம் என்று தீர்மானித்துக்கொண்டே நடந்தேன்.

"மாமா, கொஞ்சம் பதறிட்டேன்."

"கொஞ்சமா!" என்று வெடித்துச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமானது. "அத்தனை பேரும் தலை குனிஞ்சு ஒளிஞ்சாங்க. நானும் குனிஞ்சேன், அதனாலதான் துண்டு உன் கையில சிக்குச்சு. நீ ஒருத்தன்தான் எழுந்து கையை நீட்டினே. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா."

ஜைத்தூனுக்கு இரண்டு தங்கைகள். அவர்களுக்கு வரன் பார்த்தபோது கண்ணாடிப் படம் ஊரைவிட்டே போயிருந்தது. அதனால் மாமாவே பேச்சுக்கு நடுவில் ஒரு கயிற்றை எடுத்து மாப்பிள்ளைமேல் வீசிப் பார்ப்பார். பி.ஏ. படித்த ஒருவர் அசையாமல் உட்கார்ந்து, "இது என்ன கயிறு?" என்று விசாரித்தார். மாமா உள்பக்கம் திரும்பி, "சாயா மட்டும் போதும், பலகாரம் வேண்டாம்" என்றார்.

இப்போது என் மகளுக்கு வரன் வரத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் ஜைத்தூன் கடைத்தெருவுக்குப் போய், நல்ல கயிறாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறாள்.