வெங்காயத் தோட்டத்து விமானி

முதலில் அரசாங்கத்தார் மண்ணெண்ணெயைத் தடுத்தார்கள். பிறகு யூரியாவைத் தடுத்தார்கள். அதன் பிறகு, மருந்தடிக்கிற ட்ரோனைத் தோட்டத்துக்கு மேலே பறக்கவிடச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். கடைசியாக மனைவி மீனாம்பிகை தேத்தண்ணிக்குச் சீனியைத் தடுத்தாள். முதல் மூன்றையும் எதிர்த்து மார்க்கண்டர் துண்டுப்பிரசுரம் எழுதினார். நாலாவதை எதிர்க்க இன்னும் துணிவு வரவில்லை.

ட்ரோன் சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள், தோட்டம் செய்கிற கமக்காரரின் கருத்தைக் கேட்கிறார்கள் என்றதும் அவருக்கு நிலத்தில் கால் பாவவில்லை. கலியாணம் கட்டிய நாள் தொட்டு முதுகில் மருந்துத் தாங்கி சுமந்தவர்.

"இஞ்சேர், இனி நான் வரம்பிலை கதிரை போட்டிருந்து ட்ரோன் ஓட்டுவன். நீ தாங்கிக்குத் தண்ணி அள்ளி ஊத்தினால் போதும்."

"ஓமப்பா. உங்கடை கோரிக்கை என்ன?"

"ட்ரோன் கமக்காரருக்கே! கொம்பனியளுக்கு இல்லை!"

"கொம்பனிக்காரனும் ரெண்டு வெங்காயம் நட்டுப்போட்டு, நானும் கமக்காரன் எண்டு வருவான். காணி ஆரின்ரை பேரிலையோ, அந்த ஆளே ஓட்டவேணும் எண்டு போடுங்கோ."

"உதைத்தான் நானும் நினைச்சனான்!"

நினைக்கவில்லை. ஆனால் எழுதினார். கூட்டங்களில் மேசையில் குத்தினார். வெயிலில் பதாகை பிடித்தார். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் மீனாம்பிகை தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய்வந்தாள். தன் போராட்டத்துக்குத்தான் நேர்த்தி வைக்கிறாள் என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

சட்டம் திருந்தியது. காணி யாருடைய பேரிலோ அவரே ஓட்டவேண்டும் என்று அவர் கேட்ட வாசகம் அப்படியே வந்தது. அரசாங்கம் அவர் சொல்லைக் கேட்டது வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

அனுமதி வழங்கும் நாள். ஊர்ச்சனம் மண்டபத்தில். மார்க்கண்டர் சால்வையோடு முன்வரிசையில்.

"ஐயா, தோட்டம் ஆரின்ரை பேரிலை?" என்றாள் கமநல உத்தியோகத்தர் தர்ஷிகா.

"என்ரை தோட்டம்தான், பிள்ளை! எனக்கு வந்த சீதனம்..."

மண்டபம் சிரித்தது. சீதனக் காணி பெண்ணின் பேரில்தான் கிடக்கும். 'என்ரை தோட்டம்' என்று சொல்லிச் சொல்லியே அதை மறந்தவர் அவர் ஒருவர்தான்.

"அவவுக்கு ட்ரோன் ஓட்டத் தெரியாதே!" என்றார் மார்க்கண்டர்.

"பழகிட்டன்," என்றாள் பின்வரிசையில் மீனாம்பிகை. "வகுப்பு சந்நிதிக்குப் பக்கத்து வெளியிலைதான். கும்பிட்டிட்டுத்தான் போனனான். இனி உங்கடை முதுகு நோகாதப்பா. இண்டைக்குத் தேத்தண்ணிக்குச் சீனியும் போடுறன்."

மார்க்கண்டர் முதுகைத் தடவிப் பார்த்தார். கோபம் பாதி இறங்கியது. சீனியை நினைத்ததும் மீதியும் இறங்கியது.

மீனாம்பிகை நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தைத் தர்ஷிகா சபைக்குக் கேட்க உரத்து வாசித்தாள்:

"ட்ரோன் இயக்குநர், திருமதி மீனாம்பிகை மார்க்கண்டு. தண்ணீர் நிரப்பும் உதவியாளர், திரு. மார்க்கண்டு."