ஸ்ட்ரோ தராத ஜூஸ் கடைக்காரர்

வெள்ளவத்தையில் பெரியவர்களுக்கு ஸ்ட்ரோ தராத ஒரே ஜூஸ் கடைக்காரர் எங்கள் ஸ்ட்ரோ அண்ணைதான். இலங்கை முழுவதும் தேடினாலும் இன்னொருவர் அகப்படமாட்டார். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் அவருடைய கடை. ஒருநாள் டை கட்டிய ஒருவர் தோடம்பழ ஜூஸை வாங்கிக்கொண்டு ஸ்ட்ரோ கேட்டார்.

“உங்களுக்கு எத்தினை வயசு?”

“நாப்பத்திரண்டு.”

“அப்ப கிளாசில வாய் வைச்சுக் குடிக்கத் தெரியும்தானே. ஸ்ட்ரோ பிள்ளையளுக்கு.”

பிள்ளைகளுக்கும் குடிக்கக் கொடுப்பதில்லை. வெட்டி, வளைத்து, விளையாட்டுச் சாமானாக்கித்தான் கொடுப்பார். நான் கணக்கெடுத்தவரை மூக்குக்கண்ணாடி, மோதிரம், காற்றாடி, சிலந்தி. சிலந்திக்கு ஆறு கால்தான் இருந்தது. கேட்டேன். “மற்ற ரெண்டையும் மடிச்சு வைச்சிருக்கு” என்றார்.

அக்காவின் மகள் மீனுவுக்கு நாலு வயது. அக்கா வேலைக்குப் போவதால் நான்தான் அவளை மொண்டிசோரிக்குக் கூட்டிப்போவேன். சேர்ந்த நாளிலிருந்து வாசலில் ஒரே அழுகை. இரண்டாம் கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“இந்தக் கிழமையும் இப்பிடியெண்டா அடுத்த வருசம் பாப்பம், தங்கச்சி.”

அடுத்த வருடமென்றால் அக்கா வேலையை விடவேண்டியதுதான்.

மறுநாள் அழுகை கடையைக் கடந்தபோது அண்ணை கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். ஒரு காகித ஸ்ட்ரோவின் நுனியை நசுக்கி, இரண்டு மூலைகளையும் வெட்டி, மீனுவிடம் நீட்டினார். ஊதினாள். ஆட்டுக்குட்டி கத்தியது போலிருந்தது.

“அழுதுகொண்டு ஊத ஏலாது. ஊதிக்கொண்டு அழவும் ஏலாது” என்றார் என்னிடம்.

பொறியியல் படித்த எனக்கும் அதில் பிழை பிடிக்க முடியவில்லை. மீனு ஊதியபடியே வாசலைத் தாண்டினாள்.

மூன்றாம் நாள் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகளிடமும் அண்ணை வெட்டிக் கொடுத்த ஸ்ட்ரோ ஊதி இருந்தது. டீச்சர் கடைக்கே வந்துவிட்டார்.

“அண்ணை, ஒண்டும் படிப்பிக்க ஏலாமக் கிடக்கு. தலை வெடிக்குது.”

“பிழைதான் டீச்சர். எல்லாத்தையும் ஒரே அளவில வெட்டிப்போட்டன்.”

அடுத்த நாள் இருபத்திரண்டு ஊதிகளும் இருபத்திரண்டு நீளத்தில் வந்தன. நீளம் குறையக் குறையச் சத்தம் கீச்சிடும். மாட்டின் கத்தலில் தொடங்கி, காதோரம் பறக்கும் நுளம்பின் ரீங்காரத்தில் முடிந்தது. டீச்சர் சற்று நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு சிரித்துவிட்டு, பிள்ளைகளை நீள வரிசைப்படி நிறுத்தி ஊதச் சொன்னார். ஆகக் கட்டையான ஊதி மீனுவுடையது.

“நுளம்பு இவளிட்டத்தான் இருக்கு. இவள் வராட்டி வரிசை முடியாது” என்றார் டீச்சர் என்னிடம். “நாளைக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அடுத்த கிழமை ஒரு காலை, மீனு என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கடையில் வந்து நின்று ஜூஸ் கேட்டேன். கேட்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தார். கிளாசின் பக்கத்தில் நுனி வெட்டிய ஒரு ஸ்ட்ரோவை வைத்தார்.

“எனக்கு இருபத்தேழு வயசு, அண்ணை.”

“தெரியும். ஊதுங்கோ.”

அது ஊறிப்போய் இப்போது சத்தம் வருவதில்லை. என் அலுவலக மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே இருக்கிறது.