ஐந்து மணிப் பாறை

“மாமா, யாரைக் கேட்டு நீங்க போராட்டம் ஆரம்பிச்சீங்க?”

ஓட்டோவை லயத்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஜெயரூபன் இப்படிக் கேட்கவும், வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த வீரசிங்கம் தண்ணீரை விழுங்கிவிட்டார்.

ஜெயரூபன் போனை நீட்டினான். மடுல்சீமை மலைச்சரிவு. மூடுபனிக்கு நடுவே ஒரு பாறை. பாறையின் மேல் வீரசிங்கம், வலது கையை வானத்துக்கு உயர்த்தியபடி. ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து எடுத்த படம். ‘தினமும் மாலை ஐந்து மணிக்கு இந்தத் தேயிலைத் தொழிலாளி தன் மக்களுக்காகத் தனியாக நிற்கிறார்’ என்று எழுதியிருந்தாள். மூன்று லட்சம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

“அட நீ வேற! நான் சிக்னல் புடிக்கத்தான் நிக்கிறேன்!”

உண்மை அதுதான். அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பாறை. அதிலும் கையைத் தூக்கினால்தான் இரண்டு கோடு வரும். மகள் நிரஞ்சலா சைப்பிரஸில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே மதியம் இரண்டரை மணிக்கு மேடம் தூங்கப் போவாள். அந்த அரை மணி நேரம் மட்டும்தான் நிரஞ்சலாவின் கைக்குப் போன் வரும். இங்கே அப்போது மாலை ஐந்து. போன் அடிக்கும்வரை கையைத் தூக்கியபடி நிற்பார். அடித்ததும் ஸ்பீக்கரைப் போட்டு மலைக்கே கேட்கும்படி கத்துவார்.

இந்த மாதம் வெறும் நலம் விசாரிப்பு போதாது. அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேடம் தாள் தயாராக வைத்திருக்கிறாளாம்.

“வேணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்” என்றாள் மனைவி ஜெயலெட்சுமி. “அனுப்புனது நீங்க. வரச் சொல்றதும் நீங்களே சொல்லுங்க.”

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் மகளின் குரலைக் கேட்டதும் “சாப்பிட்டியாம்மா?” என்பதோடு நாக்கு நின்றுவிடும். பிள்ளையைத் தானே பிளேனில் ஏற்றிவிட்ட வெட்கம் அது. இப்படியே நான்கு நாள் ஓடிவிட்டது.

“சிக்னலுக்குத்தான் நிக்கிறேன்னு எழுதிப் போட்டுருப்பா” என்று ஜெயரூபனிடம் சொன்னார்.

அவனும் போட்டான். மறுநாள் பார்த்தால், ‘அவரை மிரட்டி மறுக்க வைத்துவிட்டார்கள்’ என்று உலகம் கொதித்துக்கொண்டிருந்தது. டொரன்டோவில் காலை ஏழரைக்குக் குளிரில் நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அங்கே ஏழரை என்றால் இங்கே ஐந்து மணி. ஒரே நேரத்தில் நிற்க வேண்டுமாம்.

நமக்கு ஏன் வம்பு என்று வீரசிங்கம் இரண்டு நாள் பாறைப்பக்கமே போகவில்லை. மகளின் குரல் இல்லாமல் அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் தோட்டத்து மேனேஜர் தொரையே அவரைத் தேடி வந்தார். தோட்டத்துக்கு வந்து இருபது வருடத்தில் வீரசிங்கம் தொரையை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

“வீரசிங்கம், நாங்க ஒன்ன கடத்திட்டோம்னு லண்டன்ல இருந்து கேக்கிறாங்க. தேயில வாங்குற கம்பெனி ஓடரை நிப்பாட்டப் போறானாம். தயவுசெஞ்சு இன்னிக்குப் போய் அந்தக் கல்லு மேல நில்லப்பா.”

“வேலை முடிய லேட்டாகுமே தொரை?”

“நாலு மணிக்கே போ. முழுப் பேர் போடுறேன்.”

கல்லில் நிற்பதற்கு முழுநாள் சம்பளம் வாங்கிய முதல் மனிதர் அந்த மலையில் அவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் போய்ப் பார்த்தால் நிற்க இடமில்லை. பதுளையிலிருந்து ஒரு பஸ், கொழும்பிலிருந்து மூன்று வேன். நூற்றைம்பது பேர், கையில் நூற்றைம்பது போன், எல்லாம் நேரலை. வீரசிங்கத்தின் போனில் இருந்த இரண்டு கோடும் போய்விட்டன. ஐந்தாயிற்று, ஐந்தரை ஆயிற்று, மகளின் அழைப்பு வரவில்லை. அடுத்த மூன்று நாளும் இதே கதி.

நான்காம் நாள் ஒரு பெண் மைக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஐயா, உலகத்துக்கு நீங்க வைக்கிற கோரிக்கை என்ன?”

வீரசிங்கத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ஒண்ணே ஒண்ணுதாம்மா. அஞ்சு மணிக்கு ஒரு அரை மணித்தியாலம், எல்லாரும் அவங்கவங்க போன அணைச்சி வைங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

 எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு.

அன்று இரவுக்குள் அது பதினெட்டு மொழிகளுக்குப் போய்விட்டது. ‘இயந்திரத்தின் பிடியிலிருந்து அரை மணி நேர விடுதலை’ என்று பேராசிரியர்கள் விளக்கம் எழுதினார்கள். எல்லாரும் போனை அணைப்பதாகச் சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தைப் போனில் போட்டார்கள்.

அதில் ஒரு நல்லது நடந்தது. மறுநாள் ஐந்து மணிக்குப் பாறையில் நின்ற இருநூறு பேரும் பயபக்தியோடு போனை அணைத்தார்கள். வீரசிங்கம் கையைத் தூக்கினார். நான்கு கோடு! பிறந்ததிலிருந்து அவர் பார்த்திராத நான்கு கோடு!

போன் அடிக்கவில்லை.

அதற்கு அடுத்த நாளும் நான்கு கோடு, போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அவர் எடுத்துப் பார்த்தால் ‘இணைப்பில் இல்லை’ என்றது.

“புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு” என்று ஜெயலெட்சுமி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காலையிலேயே பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. போராட்டக்காரர்கள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். பகல் பன்னிரண்டுக்கு, கையைத் தூக்காமலே போன் அடித்தது.

“அப்பா!” நிரஞ்சலாவின் குரல் மூச்சு வாங்கியது. “கடைக்கு அனுப்புனாங்க. சாமான் லிஸ்ட் பாக்கப் போன் குடுத்தாங்க. நல்லா இருக்கீங்களாப்பா?”

இந்தத் தடவை அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. “நெரஞ்சி, கையெழுத்துப் போடாதம்மா. வந்துரு. ஒன்ன அனுப்புனது என் தப்பு. வீட்டுக்கு வந்துரும்மா.”



“நேத்துப் போட்டுட்டேம்பா. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்வீங்கன்னு பாத்தேன்.”

“தெனமும் அஞ்சு மணிக்கு நின்னேனேம்மா. நாலு கோடு இருந்துச்சு. ஒன் போனுதான் அடிக்கல. ஏம்மா?”

“அந்த நேரத்துக்கு வீட்டுல உள்ள எல்லாப் போனையும் மேடம் வாங்கி அணைச்சி வச்சிர்றாங்கப்பா, மலை மேல நிக்கிற ஒரு தேயிலைத் தொழிலாளிக்கு ஆதரவாம்.”