பேச்சிமுத்து மாமாவுக்குச் சங்கு ஊதுன கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. உசிலம்பட்டிக்குப் போயி, நண்பன் மாத்தி வச்சிருக்க ஒரு கம்ப்யூட்டர் கேம விளையாடிப் பாத்து, நல்லாருக்கா இல்லையான்னு சொல்லிட்டு வரணும். அம்புட்டுதான்.

இது ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்குல நடந்தது.

நண்பன் பேரு செல்லபாண்டி. காலேஜ்ல எனக்குப் பக்கத்து சீட்டு. அப்ப கப்பலூர்ல ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில கம்ப்யூட்டர்ல பில் அடிச்சுக்கிட்டு இருந்தான். நான் மதுரை கீழவாசல். வீட்ல சௌராஷ்டிரம் பேசுற குடும்பம், அப்பாவுக்குச் சுங்கடிச் சேலை யாவாரம். எனக்கு யாவாரம் வரல. கேம் பத்திக் கருத்துச் சொல்றது மட்டும் நல்லா வந்துச்சு.

பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, கேம் பைத்தியங்க கூடுற ஒரு வெப்சைட்ல பக்கம் பக்கமா விமர்சனம் எழுதுவேன். அங்க ஒருத்தன் என்னைய 'நிபுணர்'னு கூப்பிட்டுட்டான். கிண்டலாச் சொன்னானான்னு நான் விசாரிக்கல.

செல்லபாண்டி எடுத்துக்கிட்டது ஜப்பான்காரன் செஞ்ச ஒரு போர் விளையாட்டு. தரை பூராம் கட்டம் கட்டமா இருக்கும். நம்ம ஆளுகளை ஒவ்வொருத்தரா நகர்த்தணும், அப்பறம் எதிரி நகர்த்துவான். ஒவ்வொரு ஆளுக்கும் பேரு, மூஞ்சி, பலம் எல்லாம் தனித்தனியா உண்டு. முக்கியமான விசயம், இதுல ஒரு ஆள் செத்தா செத்ததுதான். மறுபடி வர மாட்டான்.

அந்தக் கேமோட உள்ளுக்குள்ள கைய விட்டு, வீரனுக பேரு, படம், சத்தம் எல்லாத்தையும் மாத்தி வச்சிருந்தான் நம்ம ஆளு. இதுக்கு 'மாட்'னு பேரு. உலகம் பூரா ரசிகருங்க இப்படிச் செஞ்சு வெளியிடுவாங்க. என்னைய மாதிரி ஆளுங்க அதுல குத்தம் கண்டுபிடிப்பாங்க.

"மாப்ள, மத்தியானம் எங்க மாமா வாரார். அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ ஓட்டிப் பாத்துரு"ன்னு போன்ல சொன்னான்.

"மாமாவுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"வா, சொல்றேன்."

ஆரப்பாளையத்துல பஸ் ஏறிப் போய்ச் சேந்தேன். போனதும் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினான். ஜப்பான் கோட்டை இருந்த எடத்துல கண்மாய், அதுக்குக் குறுக்க ஒரு சின்னப் பாலம். குதிரைக்குப் பதிலா காளை. வீரனுக மூஞ்சியெல்லாம் அவன் சொந்தக்காரங்க மூஞ்சி. கல்யாண ஆல்பத்துல இருந்து ஸ்கேன் பண்ணி ஒட்டியிருந்தான். அவங்கப்பாதான் ராஜா. அம்மா மருத்துவச்சி, அடிபட்டவங்களுக்குச் சுக்குமல்லிக் காப்பி குடுத்து உடம்பைத் தேத்துறது அவங்க வேலை. பெரிய வீரன், கையில அருவா, ரெண்டு ஆள் அகலம். அது பேச்சிமுத்து மாமா. அவங்கம்மாவோட அண்ணன், அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம்.

"மாமா பொண்ணு கவிதாவத்தான்டா நான் கட்டிக்கணும்னு இருக்கேன். ஆனா தேனியில இருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு. இன்னைக்கு மாமா எங்களுக்கா அவங்களுக்கான்னு முடிவு சொல்ல வாரார். அவரை இதுல பெரிய வீரனாக் காட்டுனா மனசு குளுந்துருவார்ல?"

காதலுக்காக எவனெவனோ என்னென்னவோ செய்யுறான். இவன் மாமனாருக்குப் பலம் இருபதுன்னு போட்டிருந்தான்.

என்னையும் உள்ள வச்சிருந்தான். வில்லு வச்சிருக்க ஒல்லி ஆள். பலம் ரெண்டு. அதுல திரியிற ஆட்டுக்குட்டிக்கு மூணு.

விளையாட ஆரம்பிச்சதும் முதல்ல செத்தது நான்தான். உடனே என் போட்டோ பெருசா வந்துச்சு, அதுக்கு மாலை விழுந்துச்சு, ஸ்பீக்கர்ல சங்கு ஊதுச்சு. தெருவுல யாரோ தவறுனப்ப டேப்ரிக்கார்டர்ல பதிஞ்ச ஒரிஜினல் சங்காம்.

நான் நிபுணர் இல்லையா. நாற்காலியில சாஞ்சு உக்காந்து, "இந்தச் சங்குதான்டா இதுல உச்சம். எக்காரணம் கொண்டும் இத எடுத்துறாத"ன்னேன்.

மாமா மத்தியானம் வரல. அரை மணி நேரத்துல வந்துட்டார். கையில ஒரு சீப்பு வாழைப்பழம், பின்னாடி கவிதா. நிஜத்துலயும் ரெண்டு ஆள் அகலம்தான். செல்லபாண்டி அப்பா ஏற்கனவே கூடத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தார். மாமாவைப் பாத்துத் தலைய ஆட்டினார். மாமாவும் ஆட்டினார். பேசிக்கல. பெரிய மனுசங்க, அமைதியானவங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

மாமா ஸ்கிரீனைப் பாத்தார். "ஏய், இது நான்தான?"

"நீங்கதான் மாமா. பலம் இருபது"ன்னான் செல்லபாண்டி.

மாமா மீசைய நீவிக்கிட்டே என் பின்னாடி சேரைப் போட்டு உக்காந்துட்டார். "ஓட்டுப்பா தம்பி, பாப்போம்."

செல்லபாண்டி மவுஸை என் பக்கம் தள்ளி விட்டுட்டான். அதனால நானே ஓட்டுனேன். விதி அந்த எடத்துலதான் என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

மாமா பலசாலி. ஆனா நடை ரொம்ப மெதுவு. அப்படிப்பட்ட ஆளைப் பின்னாடி நிறுத்தி வைக்கணும். நிறுத்தினேன்.

"நான் ஏன் பின்னாடி நிக்கிறேன்?"

"அது ஒரு வியூகம் மாமா."

"பின்னாடி நின்னு எனக்குப் பழக்கம் இல்ல. முன்னாடி கொண்டு போ."

கொண்டு போனேன். நண்பனுக்கு மாமனார் ஆகப் போற மனுசன் கேக்குறார், மாட்டேன்னா சொல்ல முடியும்? அடுத்த நகர்த்தல்லயே எதிரிக நாலு பக்கமும் சுத்திக்கிட்டாங்க.

மாமா செருமினார். "தம்பி, அந்த ராஜாவக் கொஞ்சம் எந்திரிச்சு வரச் சொல்லுப்பா."

"ராஜா எந்திரிக்கக் கூடாது மாமா. நாற்காலிய விட்டு எறங்குனா ஆட்டம் தோத்துரும்."

"வசதியான சட்டமா இருக்கே. யாரு போட்டது?"

"ஜப்பான்காரன் மாமா"ன்னான் செல்லபாண்டி.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

எனக்கு ஒண்ணும் புரியல. பின்னாடி பிளாஸ்டிக் சேர் கிறீச்சுன்னுச்சு. செல்லபாண்டி அப்பா வாயைத் தொறந்தார்.

"தம்பி, தானாப் போயி வம்புல மாட்டிக்கிட்டு அடுத்தவனக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லு."

"யாருகிட்டப்பா சொல்லணும்?"ன்னு கேட்டேன்.

"பொதுவாச் சொல்லு."

"தம்பி, கூடப் பொறந்தவளக் கட்டிக் குடுத்த எடத்துல இருந்து ஒருத்தன் வருவான்னு நம்பித்தான் போனேன்னு சொல்லு"ன்னார் மாமா.

"கால் சுளுக்குன்னா எப்படி வர முடியும்னு கேளு"ன்னார் செல்லபாண்டி அப்பா.

நான் செல்லபாண்டி காதுல, "டேய், ராஜாவுக்கு ஏதுடா சுளுக்கு?"ன்னேன். அப்பத்தான் அவன் நிதானமா விசயத்தைச் சொல்றான். ஒரு காலத்துல கண்மாய்த் தண்ணி தகராறுல மாமாவை நாலு பேரு மறிச்சுட்டாங்க. இவங்கப்பா பக்கத்து டீக்கடையில உக்காந்திருந்தவர் எந்திரிக்கவே இல்ல. கால் சுளுக்குன்னுட்டார். அதுல இருந்து ரெண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. எதுன்னாலும் நடுவுல ஒரு ஆள் வேணும். அன்னைக்கு அந்த ஆள் நான்.

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீ கேம் பாக்கத்தான மாப்ள வந்த?"

கண்மாய், தகராறு, நாற்காலி. இதையே கேமாச் செஞ்சுட்டு, மாமா மனசு குளுந்துரும்னு உக்காந்திருக்கான் பாருங்க. இப்படி ஒரு மூளைய நான் இன்னைக்கு வரைக்கும் வேற எங்கயும் பாக்கல.

அதுக்குள்ள எதிரி அம்பு விட்டு ராஜாவுக்கும் அடி. இந்தப் பக்கம் மாமா சாகக் கெடக்கார், அந்தப் பக்கம் ராஜாவுக்கு ரத்தம். நடுவுல மருத்துவச்சி, கையில ஒரே ஒரு தம்ளர் காப்பி.

நிஜ அம்மா எவர்சில்வர் தட்டுல நிஜக் காப்பியோட வந்து நின்னாங்க.

"அம்மா, யாருக்குக் குடுக்க?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் குடுய்யா."

"ஒருத்தருக்குத்தாம்மா குடுக்க முடியும்."

அவங்க புருசனைப் பாத்தாங்க. அண்ணனைப் பாத்தாங்க. "அடுப்புல பால் வச்சிருக்கேன்"னுட்டு உள்ள போயிட்டாங்க. இம்புட்டு வருசமா அந்த வீடு இப்படித்தான் ஓடியிருக்கு போல.

இந்த எடத்துல புத்தியுள்ளவன் கரண்ட் போச்சுன்னு சொல்லி ஸ்விட்சை அணைச்சிருப்பான். நான் நிபுணர். ராஜா செத்தா ஆட்டம் காலி, வீரன் செத்தா ஆட்டம் தொடரும். சட்டப்படி ராஜாவுக்குக் காப்பியக் குடுத்தேன்.

மாமா செத்துட்டார்.

போட்டோ பெருசா வந்துச்சு. மாலை விழுந்துச்சு. சங்கு ஊதுச்சு.

பதறிப் போயி எதையோ அமுக்குனேன். சங்கு நிக்கல, சத்தம் கூடிருச்சு. இன்னொண்ண அமுக்குனேன். முதல்ல இருந்து ஊத ஆரம்பிச்சிருச்சு. அம்மா உள்ள இருந்து ஓடி வந்து, அண்ணன் போட்டோவுல மாலையப் பாத்துட்டு, பக்கத்துலயே அண்ணன் உக்காந்திருக்கறதைக் கூடக் கவனிக்காம, "அய்யோ எங்கண்ணே"ன்னு உக்காந்துட்டாங்க.

வாசல்ல ஆள் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் தோள்ல துண்டோட வந்து, குரலைத் தாழ்த்தி, "எப்பப்பா எடுக்குறீங்க?"ன்னார்.

அப்பத்தான் மாமா எந்திரிச்சார். அவரைப் பாத்ததும் அந்தப் பெரியவர் ரெண்டு அடி பின்னாடி போயிட்டார்.

"நல்ல காரியம் பேச வந்தவனுக்கு மாலையப் போட்டு அனுப்புறீங்க. நல்லாருக்கு"ன்னார் மாமா. கத்தல. கத்தியிருந்தா தேவலன்னு இருந்துச்சு. "கவிதா, கெளம்பு. தேனிக்காரங்களுக்கே தாக்கல் சொல்லிருவோம்."

கவிதா எந்திரிக்காம செல்லபாண்டியப் பாத்துச்சு. செல்லபாண்டிக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஒரு மனுசனோட வாழ்க்கைய மவுஸைப் புடிச்சே முடிச்சுட்டேன்னு நிஜமாவே பயந்துட்டேன்.

"மாமா, மாமா, உசுரு குடுத்துரலாம். முன்னாடி சேவ் பண்ணது இருக்கும்"னு தேடுனேன். இல்ல. சேவ் பண்ண மறந்திருந்தேன்.

மாமா வாசல் வரைக்கும் போயிட்டார். ஒரு கால்ல செருப்பையும் மாட்டிட்டார்.

அப்ப பிளாஸ்டிக் சேர் மறுபடி கிறீச்சுன்னுச்சு. செல்லபாண்டி அப்பா எந்திரிச்சார். வேட்டியக் கட்டிக்கிட்டே வாசலுக்குப் போயி, மாமாவுக்கு முன்னாடி நின்னார்.

"மச்சான்."

இத்தன வருசத்துல முதல் தடவையா நடுவுல ஆள் இல்லாம நேராக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு எனக்குச் சுளுக்கெல்லாம் இல்ல மச்சான். பயந்துட்டேன். அதான் எந்திரிக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மாமா இன்னொரு செருப்பைக் கால்ல தேடிக்கிட்டே இருந்தார். அப்பறம் தலையத் தூக்காமலே சொன்னார்.

"தெரியும் மாப்ள."

"தெரியுமா?"

"சுளுக்குன ஆளு அன்னைக்குச் சாயங்காலமே சினிமாவுக்குச் சைக்கிள் மிதிச்சுப் போனியே. நான் எதுக்கதான வந்தேன். வாயால சொல்லுவியான்னுதான் இத்தன வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

செல்லபாண்டி அப்பா துண்டால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டார். மாமா செருப்பைக் கழட்டினார்.

"காப்பி ஆறிருக்கும். வேற போடச் சொல்லு"ன்னார். நேரா அவருகிட்டயே சொன்னார், என்கிட்ட இல்ல.

அதுக்கப்பறம் பேச்சு மடமடன்னு போச்சு. வார வெள்ளிக்கிழமையே பூ வச்சுரலாம்னு முடிவாச்சு. அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து வந்து மாமாவுக்குத் திருஷ்டி சுத்துனாங்க. மானிட்டருக்கும் சுத்துனாங்க. எனக்குச் சுத்தல.

நான் கெளம்புறப்ப கவிதா மெதுவா வந்து, "அண்ணே, அப்பாவ அந்தச் சின்னப் பாலத்து மேல நிறுத்தியிருந்தா ஒரே ஒருத்தன்தான் எதிர்ல வர முடியும். செத்திருக்கவே மாட்டாருல்ல?"ன்னுச்சு.

ஸ்கிரீனைப் பாத்தேன். ஆமா.

வெப்சைட்ல விமர்சனம் எழுத உக்காந்தேன். "மாட் பிரமாதம். விளையாடுறவருதான் சரியில்ல"ன்னு ரெண்டு வரியில முடிச்சுக்கிட்டேன். அந்த 'நிபுணர்'னு கூப்பிட்டவன் அதுக்குக் கீழ ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான்.

அதுக்கப்பறமும் யாராச்சும் கேம் டெஸ்ட் பண்ணக் கூப்பிட்டா போகத்தான் செய்யுறேன். ராம் எம்புட்டு, கிராபிக்ஸ் கார்டு என்னன்னெல்லாம் இப்பக் கேக்குறதில்ல. வீட்ல யார் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லன்னு மட்டும் கேட்டுக்கிட்டு பஸ் ஏறுறேன்.